ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் பார்ப்பது எப்படி?

இன்ஜின் ஆயில் பார்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தோடு கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கப் போனால் தப்பு செய்வார்கள். இன்ஜின் ஆயிலுக்கு வண்டியை அணைத்து, ஆயில் கீழே வடியக் காத்திருந்து குச்சியை உருவுகிறோம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலான வண்டிகளில் இது தலைகீழ்: ஆயில் சூடாக இருக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

காரணம் எளிது. இன்ஜின் ஓடும்போது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பம்ப், அடியில் உள்ள பேன் எனும் தட்டிலிருந்து ஆயிலை இழுத்து டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), வால்வ் பாடி (ஆயிலை உரிய கிளட்சுக்கு அனுப்பும் பாகம்), கூலர் பைப் எல்லாவற்றையும் நிரப்பிவிடும். மிச்சம் பேனில் நிற்பதைத்தான் குச்சி காட்டுகிறது. இன்ஜினை அணைத்தால் பம்ப் நிற்கும், மேலே இருந்த ஆயில் பேனுக்கு இறங்கும், குச்சியில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். "அதிகமாக இருக்கிறதே" என்று நினைத்து ஒரு லிட்டரை உறிஞ்சி எடுத்தால், சரியாக இருந்த கியர்பாக்ஸை நாமே கெடுத்ததாகும்.

சூடும் அதே அளவுக்கு முக்கியம். இந்த ஆயில் சூட்டில் நன்றாகவே விரியும். பத்து லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ அரை லிட்டர் கூடிவிடும். பல வண்டிகளின் குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே எத்தனை டிகிரியில் பார்த்தோம் என்று தெரியாமல் "அளவு சரி" என்று சொல்வதற்குப் பொருளே இல்லை.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

ஓனர் மேனுவலைத் திறந்து இதை உறுதி செய்துகொள்ளாமல் போனட்டைத் திறக்க வேண்டாம். மூன்று வகை உண்டு.

குச்சி உள்ள வண்டி. போனட்டுக்கு அடியில், பெரும்பாலும் இன்ஜினின் பின்பக்கம், டாஷ்போர்டுச் சுவரை ஒட்டி நீளமான குழாயில் குச்சி இருக்கும். இன்ஜின் ஆயில் குச்சியோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பிடியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கியர்பாக்ஸ் குச்சி வழக்கமாக இன்னும் நீளமானது. சிலவற்றில் பிடியைத் திருகி அல்லது கிளிப்பை நிமிர்த்தித்தான் எடுக்க முடியும்.

குச்சியே இல்லாத வண்டி. இதை "சீல்டு" கியர்பாக்ஸ் என்பார்கள். பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆயில் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து: பக்கவாட்டில் ஊற்றும் போல்ட், பேனில் வழியும் போல்ட். டொயோட்டாவின் ஏ750 வரிசை இந்த வகை. லேண்ட் ரோவர் முதல் ஜீப் வரை பலரும் போடும் இசட்.எஃப். 6எச்பி, 8எச்பி வரிசைகளிலும் குச்சி இல்லை; ஆனால் அவற்றில் பக்கவாட்டில் உள்ள ஊற்றும் போல்ட்டேதான் வழியும் போல்ட்டும், பேனில் இருப்பது ஆயிலை வடிக்கும் போல்ட்.

குச்சியை ஒளித்து வைத்த வண்டி. ஃபோர்டின் 6ஆர்80 கியர்பாக்ஸில் ஊற்றும் போல்ட்டின் அடியிலேயே விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குச்சி ஒட்டியிருக்கும். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் எடுப்பது ஒரு வித்தை. 2007–2011 ஜீப் ராங்லர் ஆட்டோமேட்டிக்கில் குழாய் இருக்கும், மூடி இருக்கும், குச்சி மட்டும் இருக்காது; சர்வீஸ் சென்டர் தனியாக வைத்திருக்கும் அளவுக் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கிறதா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று. கியர் லீவர் 'பி' (பார்க்) நிலையில் இருந்தால் வண்டி நகராது என்று நம்புகிறோம். அந்தப் பூட்டு இருப்பது கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்டில். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில், சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்திருக்கிறது. அது நியூட்ரலில் இருந்தால் 'பி' போட்டும் பயனில்லை; வண்டி சரிவில் தாராளமாக உருளும். இன்ஜினை ஓடவிட்டு, போனட்டுக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது இது உயிர் விஷயம். டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரை டூ வீல் ஹை (இரு சக்கரம் மட்டும் ஓடும்) நிலையில் வையுங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டியானால் சாதாரண ஹை நிலை. லோ வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தளர்ந்த சட்டை, தொங்கும் துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம்; ஃபேனும் பெல்ட்டும் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

குச்சி உள்ள வண்டியில் பார்க்கும் முறை

1. 15–20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்க நினைக்க வேண்டாம். கூலன்ட் சீக்கிரம் சூடாகிவிடும், கியர்பாக்ஸ் ஆயில் ஆகாது. தேவை 70–80 டிகிரி செல்சியஸ். ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) இருந்தால் அதில் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டை நேராகப் படிக்கலாம். இல்லாவிட்டால் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பேனின் பக்கவாட்டில் காட்டுங்கள். உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். மணலில் ஏறி இறங்கிவிட்டோ, டிரெய்லர் இழுத்துவிட்டோ வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

2. சமதளத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிவது போதாது. 45 செ.மீ. நீளமுள்ள பேனில் 3 டிகிரி சாய்ந்தாலே முனைக்கு முனை 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். பின் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திய வண்டிகள் சமதளத்திலும் மூக்கு தாழ்ந்து நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

3. ஏசியை அணையுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு பி, ஆர், என், டி, அதற்குக் கீழே உள்ள நிலைகள் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, திரும்ப 'பி'க்கு வாருங்கள். ஒவ்வொரு கிளட்சுக்கும் உரிய வழிகளில் ஆயில் நிறையட்டும் என்பதற்காக இது.

4. இன்ஜின் ஓடட்டும், லீவர் 'பி'யில் இருக்கட்டும். இங்கே விதிவிலக்குகள் உண்டு. பழைய கிரைஸ்லர் கியர்பாக்ஸ்களிலும் மிட்சுபிஷி வண்டிகள் பலவற்றிலும் 'என்'னில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஹோண்டாவின் கியர்பாக்ஸ்களில் இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மேனுவல் சொல்வதே சட்டம். 'என்'னில் வைக்கும்போது 'பி' பூட்டின் உதவி இருக்காது; முன்பு வைத்த கட்டைகள் அதற்காகத்தான்.

5. குச்சியை உருவித் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் படியுங்கள். முதல் முறை உருவியதைப் படிக்காதீர்கள். ஓட்டத்தில் தெறித்த ஆயில் அதில் ஒட்டியிருக்கும். துடைக்கும் துணி நூல் பிரியாததாக இருக்கட்டும். ஒரு நூலிழை வால்வ் பாடிக்குள் போய் மயிரிழைத் துவாரத்தில் சிக்கினால், கியர் மாறாத பிரச்சினைக்குக் காரணம் தேடி மண்டை காய வேண்டியிருக்கும்.

6. குச்சியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் சுவரில் உரசி ஒரு பக்கம் உயரமாகப் பூசிக்கொள்வது வழக்கம். தாழ்வாகக் காட்டும் பக்கமே உண்மை. இரண்டு மூன்று முறை செய்து ஒரே அளவு வந்தால் நம்புங்கள்.

டொயோட்டா போன்ற குச்சிகளில் 'ஹாட்', 'கூல்' என்று இரண்டு பகுதி குறித்திருக்கும். சூடாகப் பார்க்கும்போது ஹாட் பகுதியின் இரு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கூல் பகுதி, ஆயில் மாற்றிய உடனே இன்ஜினை ஓட்டும் அளவுக்கு இருக்கிறதா என்று உத்தேசம் பார்ப்பதற்கு. அதை வைத்துக் கடைசி முடிவு செய்யக் கூடாது.

ஊற்றும்போது

குறைவாக இருந்தால் குச்சி இருந்த குழாய் வழியாகவே ஊற்ற வேண்டும். வாய் குறுகிய நீளப் புனல் தேவை. ஒரே தடவையில் 200 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஊற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, எல்லாக் கியரிலும் ஒரு சுற்று விட்டு, மறுபடி பாருங்கள். இப்போதுதான் குழாய்ச் சுவரெல்லாம் ஆயிலாக இருக்கும் என்பதால் குச்சி அசிங்கமாகப் பூசிக்கொண்டு வரும், அவசரப்பட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மேல்கோடு வரை நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. கூடிப்போனால் குறைந்துபோவதைப் போலவே கெடுதல். ஆயில் மட்டம் உயர்ந்தால் உள்ளே சுற்றும் பாகங்கள் அதில் முங்கி, மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் வழுக்கும், சூடேறும், கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் வெளியே துப்பும். அடியில் ஈரத்தைப் பார்த்து "லீக்" என்று சீல் மாற்றியவர்கள் உண்டு. கூடியதை, குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டுச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம்.

எந்த ஆயில் என்பதில் சமரசமே கூடாது. "சிவப்பாக இருக்கிறது, அதே ஆயில்தான்" என்ற வாதம் செல்லாது; சிவப்பு வெறும் சாயம். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஆயில், அதற்கு முந்தைய டி-ஃபோர் ஆயிலைவிட இளகலானது. மிட்சுபிஷிக்கு எஸ்.பி.-த்ரீ, இசட்.எஃப்.புக்கு லைஃப்கார்டு என்று ஒவ்வொன்றும் தன் கிளட்ச் பிளேட்டின் உராய்வுக்கு ஏற்பச் சேர்மானம் கலந்தது. மாற்றி ஊற்றினால் லாக்-அப் கிளட்ச் (டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் கிளட்ச்) பிடிக்கும் நேரத்தில், சீரான வேகத்தில் போகும்போது, கட்டைகள் மேல் ஏறியதுபோல் வண்டி அதிரும். சி.வி.டி. (பல் சக்கரக் கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வேறு வகை ஆட்டோமேட்டிக்) ஆயிலை இந்தக் கியர்பாக்ஸில் ஊற்றவே கூடாது.

குச்சி இல்லாத வண்டியில்

தத்துவம் வேறு. குறிப்பிட்ட உயரத்தில் ஒரு வழியும் துவாரம் இருக்கும். குறிப்பிட்ட சூட்டில் அந்தத் துவாரத்தின் விளிம்புவரை ஆயில் நின்றால் அளவு சரி. இங்கே தேவைப்படும் சூடு குறைவு: பெரும்பாலும் 35–50 டிகிரிக்குள். இசட்.எஃப். கியர்பாக்ஸ்களில் 40 டிகிரியை ஒட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டி வந்த வண்டியில் உடனே பார்க்க முடியாது; இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் தொடங்குவதே சுலபம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள், அல்லது நான்கு மூலையிலும் ஸ்டாண்ட் கொடுத்துச் சமமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு பொய். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். இன்ஜின் ஓடும் வேலை இது. காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

எதற்கும் முன்னால் மேலே உள்ள ஊற்றும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். இந்த வேலையில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீழ்ப்போல்ட்டை முதலில் திறந்து ஆயில் வழிந்துவிட்டது, மேல்போல்ட் துருப்பிடித்து முனை மழுங்கிச் சுற்றுகிறது என்றால் வண்டியை ஓட்டவும் முடியாது, ஊற்றவும் முடியாது.

மேல்போல்ட் சுலபமாக வந்துவிட்டால் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரிலும் ஒரு சுற்று விட்டு 'பி'க்கு வாருங்கள். இது இருவர் செய்யும் வேலை: ஒருவர் உள்ளே ஸ்கேனரோடு, ஒருவர் கீழே பாத்திரத்தோடு. மேனுவல் சொல்லும் சூடு வந்ததும் வழியும் போல்ட்டைத் திறக்க வேண்டும் (இசட்.எஃப்.பில் இது பக்கவாட்டில் உள்ள ஊற்றும் போல்ட்; பேனில் உள்ளதைத் தொட வேண்டாம்). சொட்டுச் சொட்டாக வந்தால் சரி. தாரையாக வந்தால், தாரை மெலிந்து சொட்டாகும்வரை விட்டு மூடுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் குறைவு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பம்பால் மேல்துவாரம் வழியாக ஊற்றி, கீழே சொட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயில் சூடேறி விரிந்துகொண்டே இருக்கும். சொட்டு நின்றபின் மறுபடி சொட்டுகிறதே என்று திறந்தே வைத்திருந்தால் தேவையான ஆயிலும் போய்விடும். 60 டிகிரியில் பார்த்தால் கூடுதலாக வழிந்து குறைவில் முடியும். 20 டிகிரியில் பார்த்தால் விரியாத ஆயிலை நிரப்பி அதிகத்தில் முடியும். சூடு எல்லையைத் தாண்டிவிட்டால் போல்ட்டை மூடி, அணைத்து, ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். பேன் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம், இசட்.எஃப். 6எச்பியில் ஃபில்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் பேன்தான் வரும். பலத்தைக் காட்டாமல் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

ஸ்கேனர் இல்லாமல், டொயோட்டாவின் ஓ.பி.டி. சாக்கெட்டில் 4, 13 ஆகிய இரண்டு பின்களை ஒயரால் இணைத்து டாஷ்போர்டு விளக்கைப் பார்த்துச் சூட்டை அறியும் முறையும் இருக்கிறது. பக்கத்துப் பின்னில் செருகிவிட்டால் ஃபியூஸ் போகும், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஸ்கேனர் வாங்குவது புத்திசாலித்தனம்.

நிறமும் மணமும்

குச்சியிலோ பாத்திரத்திலோ வந்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. வெளிர் பழுப்பு, வயதானது. மாற்ற நேரம் பார்க்கலாம். கரும்பழுப்பும் தீய்ந்த வாடையும் கிளட்ச் பிளேட் கருகுவதன் அடையாளம். விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால், அல்லது வெள்ளிப் பொடி மின்னினால், ஊற்றி நிரப்பிப் பயனில்லை. பேனைக் கழற்றிப் பார்க்க வேண்டிய கட்டம். எல்லா ஆயிலும் சிவப்பாகப் பிறப்பதில்லை. நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் உண்டு. ஆகவே புது டப்பாவிலிருந்து ஒரு சொட்டைப் பக்கத்தில் விட்டு ஒப்பிடுவதே சரி.

ரோஸ்மில்க் நிறம் கண்டால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் கலந்திருக்கிறது. வழிகள் இரண்டு. ஒன்று, ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர்பாக்ஸ் கூலர் விரிசல் விட்டுக் கூலன்ட் நுழைவது; 2005–2010 காலத்து நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் இது பேர்போன கோளாறு. மற்றொன்று, ஆற்றையோ வெள்ளத்தையோ கடப்பது. சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் வழியாக உறிஞ்சும். அந்தக் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே குடிக்கும். கிளட்ச் பிளேட்டில் உராயும் படலத்தை ஒட்டியிருக்கும் பசைக்குத் தண்ணீர் ஆகாது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பிறகு பார்ப்போம் என்று விட்டால் படலம் உரிந்து வரும். ஆழமான தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஆயிலைப் பாருங்கள். மூச்சுக்குழாயை ரப்பர் ஹோஸால் நீட்டி போனட்டுக்கடியில் உயரத்தில் கட்டிவைப்பது மலிவான வேலை.

குறைந்த ஆயில் எங்கே போனது?

இன்ஜின் ஆயிலைப் போல இந்த ஆயில் எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். முன்பக்கம் விழுந்த சிவப்புச் சொட்டு பவர் ஸ்டீயரிங்கினுடையதாகவும் இருக்கலாம். பல வண்டிகளில் அதற்கும் இதே வகை ஆயில்தான். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் பைப்பின் இணைப்புகள், கியர் லீவர் ஷாஃப்ட் சீல், பேன் கேஸ்கட், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்று வரிசையாகப் பாருங்கள்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் குறைந்துகொண்டே போகிறது என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஆயில் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து பாருங்கள். வண்டி ஆறியிருக்க, சமதளத்தில் நிற்க, துவாரத்தின் விளிம்புவரை ஆயில் இருப்பது சரி. திறந்ததும் குபுகுபுவென்று கொட்டினால், அதுவும் 75டபிள்யூ-90 கியர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இளகலாக, செம்மை ஓடிய ஆயில் வந்தால், திருடன் அகப்பட்டான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றும் வண்டிகளில் நிறத்தை வைத்துப் பிடிக்க முடியாது, மட்டத்தை வைத்தே பிடிக்க வேண்டும். மேலே ஊற்றிக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது: ஒன்று காய, மற்றொன்று நிரம்பி வழியும். சீலை மாற்றி இரண்டின் ஆயிலையும் புதிதாக ஊற்ற வேண்டும்.

ஆயில் குறைவு தார்ச் சாலையில் பல நாள் தெரியாமலே இருக்கும். செங்குத்து ஏற்றத்திலோ பக்கச் சரிவிலோ தான் முதலில் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அங்கே பேனின் ஒரு மூலைக்கு ஆயில் ஒதுங்க, பம்பின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமி வண்டி ஏறாமல் நின்றால், மேலும் மிதிக்காதீர்கள். ஒவ்வொரு உறுமலிலும் கிளட்ச் பிளேட் தேய்கிறது. பிரேக்கைப் பிடித்து, நிதானமாக ரிவர்ஸில் சமதளத்துக்கு இறங்கி, அங்கே அளவைப் பாருங்கள். ஆஃப்-ரோடு போகும் வண்டியில் உரிய ஆயில் ஒரு லிட்டரும் நீளப் புனலும் எப்போதும் இருக்கட்டும். குச்சி இல்லாத வண்டியானால் புனலுக்குப் பதில் கைப்பம்பும், ஊற்றும் போல்ட்டுக்கு ஏற்ற ஸ்பானரும்.